பொன்னாடைக்குப் பதில் ஒரு சாவி

தமிழ்நாட்டு அரசுக்கு ஓர் இசைக்கலைஞரைக் கண்டால் இரண்டு காரியங்கள்தான் செய்யத் தெரியும். வயதானவராக இருந்தால் பொன்னாடை போர்த்தும். இளைஞராக இருந்து கையில் மைக்கும் இருந்தால், பர்மிஷன் லெட்டர் எங்கே என்று கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கலைஞர் கழிக்கிற முப்பது நாற்பது வருடம் இருக்கிறதே, அந்தக் காலம் முழுக்க அரசு எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நான் சொல்வது கர்நாடக இசைக்காரர்களைப் பற்றி அல்ல. அவர்களுக்குச் சபாக்கள் இருக்கின்றன, மார்கழி இருக்கிறது, கொடையாளர்கள் இருக்கிறார்கள். திரையிசையைப் பற்றியும் அல்ல. அதற்கு ஒரு தொழிலே இருக்கிறது. இந்த இரண்டிலும் சேராமல், கிடாரையும் ட்ரம்ஸையும் லேப்டாப்பையும் பறையையும் வைத்துக்கொண்டு, சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டமைத்து, இன்று வாழும் வாழ்க்கையைப் பாடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. ராப் பாடுகிறவர்கள், கானாவிலிருந்து கிளம்பி வேறெங்கோ போகிறவர்கள், மூன்று பேராகச் சேர்ந்து பாண்ட் வைத்திருப்பவர்கள். சுயாதீன இசை என்று இப்போது சொல்கிறோம். அவர்களைப் பற்றித்தான் பேச்சு.

கொஞ்ச நாளாக இந்த வட்டத்தில் ஒரு கோரிக்கை கேட்கிறது. அரசு எங்களையும் கவனிக்க வேண்டும். கலைமாமணியில் எங்களுக்கென்று ஒரு பிரிவு வேண்டும். தனியாக ஒரு வாரியம் வேண்டும். வருடாவருடம் ஒரு அரசு விழா வேண்டும். பலர் என் நண்பர்கள். சிலரோடு சேர்ந்து ஸ்பீக்கர் தூக்கியிருக்கிறேன், கேபிள் சுற்றியிருக்கிறேன். அரசு உதவ வேண்டும் என்பதில் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் கேட்கிற உதவி கிடைத்துவிட்டால், இருக்கிற கொஞ்ச உயிரும் போய்விடும் என்பது என் எண்ணம்.

முதலில், அரசு இவர்களை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு எழுத்துபூர்வமான சாட்சி ஒன்று. ஜிஎஸ்டி விலக்குப் பட்டியலில் கலைஞர்களுக்கென்று ஒரு வரி உண்டு. ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை 1,50,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அந்த நிகழ்த்துதலுக்கு வரி இல்லை. நல்ல விஷயம்தானே? ஆனால் அந்தச் சலுகை நாட்டார் கலை அல்லது செவ்வியல் கலை வடிவங்களில் இசை, நடனம், நாடகம் நிகழ்த்துகிறவர்களுக்கு மட்டும். அதே மேடையில், அதே சம்பளத்துக்கு ஒரு பெண் ராப் பாடினால், சட்டத்தின் கண்ணில் அவர் கலைஞர் இல்லை, சேவை வழங்குநர். நான் கோட் எழுதித் தருவதுபோல அவர் பாட்டுப் பாடித் தருகிறார். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவர்கள் ஜிஎஸ்டியில் பதிவே செய்ய வேண்டியதில்லை என்பதால் நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு இதனால் ஒரு பைசா நஷ்டமில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை எழுதிய அதிகாரியின் மனத்தில் என்ன இருந்தது என்பது முக்கியம். பழையதாக இருந்தால் கலை. இன்றைக்கு உண்டானதாக இருந்தால் வியாபாரம்.

மாநில அரசும் இதிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள். மூன்று வருடப் படிப்பு. தவிலும் நாதசுரமும் அரசுக் கூரையின் கீழ் சொல்லித்தரப்படுவது பெரிய காரியம்; அதைக் குறை சொல்கிறவன் வாயில் மண்தான் விழும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இருநூறு வருடம் முன்னால் அதை மடியில் சாய்த்து வாசித்துப் பார்த்த ஆட்களை அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார்களோ, இன்று அது பாடத்திட்டம். கிடாருக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை போலிருக்கிறது. ஒலிப்பதிவு எப்படிச் செய்வது என்ற பாடமும் அந்த ஏழில் இல்லை. நாதசுரம் படித்து வெளியே வருகிற பையன் தன் வாசிப்பைத் தானே ஒழுங்காகப் பதிவு செய்யத் தெரியாமல் வருகிறான்.

சரி, இந்த மனம் மாறி நாளைக்கு அரசு அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தால்? நம் அரசு ஒரு கலைத் தொழிலுக்கு உண்மையிலேயே அள்ளிக் கொடுத்த கதை நம்மிடம் இருக்கிறது. 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று அறிவித்தார்கள். உடனே என்ன நடந்தது? 'சம்திங் சம்திங்' என்று பெயர் வைத்திருந்த படம் 'உனக்கும் எனக்கும்' ஆனது. 'ரோபோ' என்று பேசப்பட்ட படம் 'எந்திரன்' ஆனது. போஸ்டரில் தமிழ் வந்தது. உள்ளே பாட்டும் வசனமும் எப்போதும்போல இருந்தன. 2011இல் நிபந்தனைகளை இறுக்கினார்கள்: யு சான்றிதழ் வேண்டும், கதை தமிழ்ப் பண்பாட்டை வளர்ப்பதாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு குழு. படம் பார்த்துப் பண்பாட்டை அளக்கிற குழு! எங்கள் தொழிலில் இது பழைய பாடம். எதை அளக்கிறாயோ அதைத்தான் ஆட்கள் செய்துகாட்டுவார்கள். எத்தனை வரி கோட் எழுதினாய் என்று அளந்தால் வரிகள் பெருகும், மென்பொருள் பெருகாது. பெயருக்குச் சலுகை கொடுத்தார்கள், பெயர் கிடைத்தது. சுயாதீன இசைக்கு இப்படி ஒரு சலுகை வந்தால் அடுத்த மாதமே திருக்குறள் ராப் ஐம்பது வெளிவரும். திருவள்ளுவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அந்த ஐம்பதையும் கேட்க வேண்டியிருக்குமே என்பதுதான் கவலை.

இந்த இடத்தில் எல்லோரும் தவறாமல் கொரியாவைக் கொண்டுவருவார்கள். தென்கொரிய அரசு காசைக் கொட்டியது, கே-பாப் உலகத்தைப் பிடித்தது, நாமும் கொட்டினால் தமிழ்-பாப் வரும். வரிசையைக் கொஞ்சம் சரிபார்க்கலாம். இன்று நமக்குத் தெரிகிற பெரிய கொரிய இசை நிறுவனங்களான எஸ்எம், ஒய்ஜி, ஜேஒய்பி மூன்றும் 1995க்கும் 1997க்கும் இடையில் தனியார் முதலீட்டில் தொடங்கியவை. பண்பாட்டுத் தொழில்களை வளர்ப்பதற்கான சட்டம் வந்தது 1999இல். கொக்கா என்று சொல்லப்படும் படைப்பு உள்ளடக்க நிறுவனத்தை அரசு அமைத்தது 2009இல். பணம் பிறகுதான் வந்தது. முன்னால் வந்தது வேறொன்று: 1996இல் இசைத்தட்டுகளுக்கான முன்தணிக்கையை ஒழித்தார்கள். அதுவரை ஒரு பாட்டு வெளிவர வேண்டுமென்றால் வரிகளை அரசிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். பாடகர்கள் பல வருடம் சண்டை போட்டு அதைத் தூக்கவைத்தார்கள். கொரிய அரசு தன் இசைக்குச் செய்த ஆகப்பெரிய உதவி, கத்தரிக்கோலைக் கீழே வைத்தது. அதற்குக் கஜானாவிலிருந்து ஒரு வோன்கூடச் செலவாகவில்லை.

கதை அங்கே முடியவும் இல்லை. அரசுப் பணம் கலைக்குள் ஆழமாகப் போன பிறகு, பார்க் குன்-ஹே அதிபராக இருந்த காலத்தில், அரசுக்குப் பிடிக்காத கலைஞர்கள் என்று 9,473 பேர் கொண்ட ஒரு பட்டியல் வெளிச்சத்துக்கு வந்தது. உதவித்தொகை இவர்களுக்குப் போகக் கூடாது என்பதற்கான பட்டியல். பண்பாட்டு அமைச்சரே 2017 ஜனவரியில் கைதானார். யாருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிற இடத்தில், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற பட்டியலை எழுத ஒரு சாயங்காலம் போதும்.

நமக்கு அந்த அளவுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. 2015 அக்டோபர் கடைசியில் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவனைத் திருச்சியில் வைத்துக் கைது செய்தார்கள். டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்குத் தேசத்துரோக வழக்கு. கட்சி மாறும், ஆட்சி மாறும், அந்தக் கை மாறாது. அந்தக் கையிலிருந்து பொற்பதக்கம் வாங்கிக்கொண்டு மறுநாள் சாராயக்கடையைப் பற்றிப் பாட எத்தனை பேருக்கு வாய் வரும்? வராது என்று யாரையும் அவமதிக்கவில்லை. குடும்பம், வாடகை, இஎம்ஐ எல்லாம் இருக்கிறது. நானாக இருந்தால் வராது.

அப்படியானால் அரசே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. அரசு ஏற்கெனவே இருக்கிறது. ஒதுங்கி இருப்பதாக நடித்துக்கொண்டு வழியை அடைத்துக்கொண்டு இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஒரு சின்ன நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார். எண்பது பேர். மாலை ஆறிலிருந்து ஒன்பது. மூன்று பாண்ட். கட்டணம் 200 ரூபாய். காவல் நிலையத்துக்கு அவரோடு நானும் போனேன். எழுத்தர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"என்ன நிகழ்ச்சி தம்பி? கோயில் திருவிழாவா?"

"இல்ல சார்."

"கட்சிக் கூட்டமா?"

"இல்ல சார். பாட்டுக் கச்சேரி."

"கல்யாணமா?"

"இல்ல சார். சும்மா பாடறாங்க, நாங்க கேக்கறோம்."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே குழம்பிவிட்டார். "சும்மா எதுக்கு தம்பி பாடணும்?" என்றார். அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அங்கிருந்து தீயணைப்புத் துறை, மாநகராட்சி, ஒலிபெருக்கி அனுமதி, பாட்டு உரிமைக் கட்டணம். எல்லாம் அவர்கள் சொந்தப் பாட்டுத்தான் என்று எழுதிக் கொடுத்தும் அந்தக் கட்டணம் ஏன் கட்டவில்லை என்று மண்டபத்துக்காரர் கேட்டார். கடைசியில் 80 பேருக்கு ஒரு லட்சம் பேர் கூடுகிற மாநாட்டுக்குரிய காகிதங்கள். நிகழ்ச்சி நடந்தது; நண்பர் இரண்டாவது நிகழ்ச்சி நடத்தவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் வருட விதி நியாயமானது, எனக்கும் மறுநாள் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங் இருக்கிறது. அந்த விதி ஆடி மாதத்தில் எங்கே போகிறது என்று மட்டும் யாராவது சொன்னால் நல்லது.

இதைத்தான் வேறொரு ஊர் நேருக்கு நேர் சந்தித்தது. மெல்பர்ன். 2010 ஜனவரியில் அங்கே காலிங்வுட் பகுதியில் 'தி டோட்' என்ற பழைய மதுக்கூடம் மூடப்பட்டது. சின்ன இடம், பல வருடங்களாகப் புது பாண்டுகள் முதல்முறை வாசிக்கிற இடம். காரணம், உரிமம் வழங்கும் துறை நேரடி இசை நடக்கும் இடங்களையெல்லாம் அதிக ஆபத்துள்ள இடங்கள் என்று வகைப்படுத்தியது. அதனால் காவலாளிகள் வைக்க வேண்டும், கேமரா வைக்க வேண்டும். மூலையில் ஒருத்தர் கிடார் வாசித்தாலும் அதேதான். அடுத்த மாதம் 23ஆம் தேதி பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். அவர்கள் விருது கேட்கவில்லை. இசைக்கும் அடிதடிக்கும் முடிச்சுப் போடாதே என்றார்கள். அரசு இறங்கி வந்தது. 2014இல் விக்டோரியா மாநிலத்தின் திட்டமிடல் விதிகளில் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: இசைக்கூடம் இருக்கிற தெருவில் புதிதாக அடுக்ககம் கட்டினால், சத்தம் உள்ளே வராமல் தடுக்கிற செலவு கட்டுகிறவருடையது, ஏற்கெனவே இருக்கிற கூடத்தைப் பிறகு கட்டியவர் வந்து புகார் சொல்லி மூடவைக்க முடியாது. பணமும் கொடுத்தார்கள். 2023இல் 'மியூசிக் ஆஸ்திரேலியா' என்ற அமைப்புக்கு நான்கு வருடத்துக்கு 69.4 மில்லியன் டாலர். ஆனால் அங்கும் பணத்துக்கு முன்னால் நடந்தது கதவு திறந்ததுதான்.

இங்கே கதவைப் பற்றிப் பேசினால் கோபுரத்தைக் காட்டுவார்கள். 2023 ஆகஸ்ட்டில் ஏ.ஆர். ரஹ்மானின் சென்னை நிகழ்ச்சி மழையால் தள்ளிப்போனது. பெரிய நிகழ்ச்சிகளுக்கான கட்டமைப்பு வேண்டும் என்று அவர் எழுத, விரைவில் வரும் என்று முதல்வர் பதில் எழுதினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் கலைஞர் பன்னாட்டு அரங்கம், 500 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பில். தள்ளிப்போன அந்த நிகழ்ச்சி செப்டம்பரில் நடந்தபோது என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் வைத்திருந்தவர்கள் உள்ளே போக முடியவில்லை, முதலமைச்சரின் வாகன அணியே நெரிசலில் சிக்கியது. ஆகவே பெரிய அரங்கம் தேவைதான். ஆனால் ரஹ்மானுக்கு அது இல்லாவிட்டால் துபாய் இருக்கிறது, லண்டன் இருக்கிறது. ராணிப்பேட்டையில் ப்ளூடூத் ஸ்பீக்கரில் பீட் போட்டு மொட்டைமாடியில் பாடுகிற பிள்ளைக்கு முட்டுக்காடு எதற்கு? அவளுக்கு வேண்டியது ஐயாயிரம் பேர் உட்காரும் கூடமல்ல. அறுபது பேர் நிற்கிற அறை. அது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திறந்திருக்க வேண்டும்.

2023இல் மறுபடி தொடங்கிய 'சென்னை சங்கமம்' பற்றியும் இதையே சொல்வேன். பூங்காவிலும் கடற்கரையிலும் ஊர்க் கலைஞர்கள் ஆடுவதைப் பார்க்க நானும் போகிறேன். பொங்கல் சமயத்தில் சில நாள். ஆனால் ஒரு பாட்டு விழாவில் பிறப்பதில்லை. பிறந்து, பத்து இடத்தில் பாடி, ஒன்பது இடத்தில் சொதப்பி, அப்புறம்தான் விழாவுக்கு வருகிறது. அந்த ஒன்பது இடங்கள் நம்மிடம் இல்லை. சென்னையில் அப்படி இருந்த சில இடங்களில் ஒன்று அலியான்ஸ் பிரான்சேஸ். அதாவது நம் பிள்ளைகளுக்கு மேடை கொடுத்தது பிரெஞ்சுக்காரர்கள்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் முதல்முறை மேடையேறியபோது இந்த நகரத்தின் இசையில் ஒன்று மாறியது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில், கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு. அதில் அரசுக் காசு இல்லை. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து செய்தது. பார்த்தாயா, அரசு இல்லாமலேயே நடக்கிறதே என்பார்கள். நடக்கும். வெற்றிபெற்ற ஒரு திரைப்பட இயக்குநர் பின்னால் நின்றால் நடக்கும். அவர் கண்ணில் படாத தெருவில்?

எனக்குத் தெரிந்து இதற்கான மாதிரி கொரியாவிலும் இல்லை, மெல்பர்னிலும் இல்லை. நம்மிடமே இருக்கிறது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒன்று வருவது அதுதான் முதல்முறை. வீட்டு வரியோடு நூலக வரி சேர்த்து வாங்கினார்கள், இன்றும் வாங்குகிறார்கள். அந்தக் காசில் கிளை நூலகங்கள் வந்தன. சிறந்த வாசகர் என்று யாருக்கும் பொன்னாடை போர்த்துவது அந்தச் சட்டத்தின் வேலையாக இருக்கவில்லை. அறை, நாற்காலி, மின்விசிறி, அலமாரி. பூட்டைத் திறக்கவும் மூடவும் ஓர் ஆள். உள்ளே வந்தவன் தினத்தந்தி படித்தானா தாஸ்தயேவ்ஸ்கி படித்தானா என்று யாரும் குறிப்பெழுதவில்லை. இந்த இதழைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படி ஓர் அறையிலிருந்து வந்தவர்கள்தானே? அந்தத் துறையிலேயே அரசு புத்தகம் தேர்ந்தெடுத்து வாங்கத் தொடங்கிய இடத்தில்தான், நூலக ஆணை என்ற இடத்தில்தான், அத்தனை புலம்பலும். ஆணைக்காகவே அச்சான புத்தகங்களைப் பற்றி நம் பதிப்பாளர்கள் சொல்லும் கதைகள் உங்களுக்கும் தெரியும். அறை கொடுத்தது நன்றாக நடந்தது, தேர்ந்தெடுத்தது அழுகியது. ஒரே துறை, ஒரே கூரை.

ஆகவே கேட்க வேண்டியது ஓர் அறை. ஒலி வெளியே போகாத ஒரு சின்ன அறை, இரண்டு ஸ்பீக்கர், ஒரு மிக்ஸர், நான்கு மைக், ட்ரம்ஸ் ஒரு செட், பதிவு செய்ய ஒரு கணினி. பகலில் பயிற்சிக்கு, சாயங்காலம் கச்சேரிக்கு. மணிக்கு இவ்வளவு என்று சுவரில் எழுதிய கட்டணம். முன்பதிவு செய்தவர் பாடுவார். என்ன பாடப்போகிறாய் என்ற கேள்வி படிவத்தில் இருக்கவே கூடாது. நானும் இரண்டு ஒலிப்பதிவு நண்பர்களும் உட்கார்ந்து போட்ட கணக்கில், இருக்கிற அரசுக் கட்டடத்தில் இப்படி ஓர் அறை செய்ய 20 லட்சம் ஆகும். 38 மாவட்டத்துக்கும் ஒவ்வொன்று என்றால் 7 கோடியே 60 லட்சம். முட்டுக்காட்டுத் தொகையில் நூற்றில் இரண்டு பங்குகூட வராது. ஓர் அறைக்கு இரண்டு ஊழியர், மாதம் ஆளுக்கு 30,000 சம்பளம் என்றால் வருடத்துக்கு மொத்தம் இரண்டே முக்கால் கோடி. கூடவே ஓர் அரசாணை: 200 பேருக்குக் கீழே, இரவு பத்துக்கு முன்னால், உள்ளரங்கத்தில் நடக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் தகவல் தெரிவித்தால் போதும், அனுமதி வேண்டியதில்லை என்று. இதற்குச் செலவு ஒரு தாள்.

ரோடு போடக் காசில்லை, ராப்புக்கு அறையா என்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ரோடும் போட வேண்டும். நூலகம் கட்டிய 1948இல் அரிசிக்கே ரேஷன் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

என் நண்பர்களுக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது. இது பார்க்க லட்சணமாக இருக்காது. மேடையில் கூப்பிட மாட்டார்கள். அறையில் நீங்கள் பாடுகிற அன்றைக்கு அடுத்த நாள் உங்களுக்குப் பிடிக்காத பாண்ட் வாசிக்கும், உங்கள் சாதியைத் திட்டுகிறவனும் வரிசையில் நிற்பான், பக்திப் பாட்டுக் குழு மாதம் நான்கு நாள் முன்பதிவு செய்துவிடும். மிக்ஸரை எவனாவது உடைப்பான், சரிசெய்ய டெண்டர் விட மூன்று மாதம் ஆகும். கட்சிக்காரர் ஒருவர் தன் மகனுக்கு இடம் கேட்டு போன் பண்ணுவார். இது எல்லாவற்றோடும்தான் கேட்கிறேன்.

அறைகளுக்கு இடம் தேடவும் வேண்டாம். 17 மாவட்டங்களில் இசைப் பள்ளிக் கட்டடங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. கடைசி வகுப்பு முடிந்ததும் தவில் சத்தம் ஓய்ந்து வாட்ச்மேன் பூட்டிவிடுகிறார். அங்கே தொடங்கலாம். பண்பாட்டுத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையின்போது உங்கள் தொகுதி எம்எல்ஏ பேசுவார்; அதற்கு முன்னால் அவரைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் விருதுப் பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பள்ளி எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.